முழங்கால் நோவும் மூவகை ஊசியும்

மனிதனுடைய உறுப்புக்களுள் முழங்காலைப்போல உழைப்பது வேறொன்று உண்டோ என்பது ஐயம். அதனைப்போல மறக்கப்படுவது வேறொன்று இல்லை என்பது திண்ணம். கண்ணையும் கையையும் பாடிய புலவர் பலர். அடியைத் திருவடியென்று போற்றிய அடியாரும் பலர். இடையே நின்று உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் முழங்காலை நினைத்தவர் அரியர். அது நோகத் தொடங்கும் நாளிலேதான் அதன் அருமை நமக்குத் தெரிகின்றது. கோயிற் படிகளில் ஏறுவதும், சப்பாணி கட்டி இருந்து உண்பதும், கிணற்றடியிற் குந்துவதும், இருந்த இடத்தைவிட்டு எழும்புவதும் அன்றுமுதல் தனித்தனி வேலைகளாகிவிடுகின்றன.

2020ஆம் ஆண்டுக்குரிய உலகக் கணக்கொன்றின்படி, ஏறத்தாழ 59 கோடியே 50 இலட்சம் மக்கள் தேய்வு வாதம் என வழங்கும் ஒஸ்ரியோஆத்திரைற்றிஸ் நோயுடன் வாழ்ந்தனர். உலக மக்கட் தொகையில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேற்பட்டோர் இந்நோயின் கைப்பட்டவர்கள் என்பது இதன் பொருள். அது மிகுதியாகப் பற்றும் மூட்டு முழங்காலே. முதலில் எண்ணெய், பின்னர் ஒத்தடம், அதன்பின் மாத்திரை என்று படிப்படியாகச் சென்றவர்கள், இவற்றுக்கும் நோவு அடங்காதபோது மூட்டினுள்ளேயே மருந்தை ஏற்றும் ஊசியை நாடுகின்றனர். அங்கே ஒரு புதிய மயக்கம் காத்திருக்கின்றது. ஊசி ஒன்றல்ல, பலவாயிருக்கின்றன. ஒருவர் ஒன்றைப் புகழ்வார். மற்றொருவர் பிறிதொன்றைப் புகழ்வார். விலையோ ஒன்றற்கொன்று மலையும் மடுவும்போல வேறுபடுகின்றது. இவற்றுள் எது மேலானது என்ற வினாவுக்குக் கடந்த சில ஆண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் ஒரு விடை கூறியுள்ளன. அவ்விடை எதிர்பாராதது, ஆதலின் அறியத்தக்கது.

நோயின் இயல்பு

தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். அதன் முன்புறத்தைச் சிரட்டை என நாம் சொல்லும் சிற்றெலும்பு காத்து நிற்கின்றது. எலும்புகளின் முனைகளை வெண்மையும் வழுவழுப்பும் உடைய குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. மூட்டின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வொன்று, முட்டையின் வெண்கருவைப் போன்ற ஒரு நீரைச் சுரந்து மூட்டினை நனைத்து வைக்கின்றது. இளமையிலே இவையெல்லாம் ஓசையின்றித் தத்தம் பணியைச் செய்கின்றன.

முதுமையினாலோ, உடற்பருமனாலோ, முன்பட்ட காயத்தினாலோ, பரம்பரையினாலோ இவ்வொழுங்கு குலைகின்றது. குருத்தெலும்பு மெலிந்து பிளவுபடுகின்றது. எலும்பின் ஓரங்களில் முனைகள் வளர்கின்றன. சவ்வு இடையிடையே அழற்சியுற்று வீங்குகின்றது. தொடைத் தசை வலிகுன்றுகின்றது. 'தேய்வு' என்ற பெயரைக் கேட்டவுடன், வண்டிச் சில்லின் அச்சுத் தேய்வதுபோல முழங்காலும் தேய்ந்துபோயிற்று என்று பலர் எண்ணுவர். வண்டியச்சுக்கு உயிரில்லை, முழங்காலோ உயிருள்ள பொருள். அது தேய்வதோடு தன்னைத் திருத்திக்கொள்ளவும் முயல்கின்றது. அம்முயற்சியும் நோயின் ஒரு பகுதியே.

இவ்விடத்தில் இரண்டு உண்மைகளை நினைவில் இருத்துதல் வேண்டும். குருத்தெலும்பில் நரம்பு இல்லை. ஆதலால் அது தானே நோகமாட்டாது. நோவு பிறப்பது அதன் கீழுள்ள எலும்பிலும் சுற்றியுள்ள சவ்விலும் பிற பகுதிகளிலுமே. எக்ஸ்ரே படத்திலே பெருங்கேடு தோன்றியும் நோவின்றி நடப்போர் இருப்பதும், படத்தில் சிறுமாற்றமே தோன்றியும் பெருநோவுற்று வருந்துவோர் இருப்பதும் அதனாலேயாம். மற்றையது, இந்நோவு கடல் அலைபோல ஏறியும் இறங்கியும் வருவது. ஒரு மாதம் வாட்டும். மறுமாதம் தானே தணியும். இவ்வேற்ற இறக்கத்தை மறந்தவர் எந்த மருந்தையும் சரியாக மதிப்பிட முடியாது.

கோர்ட்டிசோனின் வருகை

மூட்டினுள் ஏற்றும் ஊசிகளுள் மூத்தது கோர்ட்டிசோன் இனத்தைச் சேர்ந்தது. அதன் கதை ஐக்கிய அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் தொடங்குகின்றது. அங்கே பணிபுரிந்த பிலிப் ஹெஞ்ச் என்னும் வைத்தியர், முடக்குவாதம் பிடித்த ஒருவருக்குக் காமாலை கண்டபோது மூட்டு நோவு தணிந்ததை 1929இல் அவதானித்தார். கருவுற்ற பெண்களுக்கும் அந்நோவு தணிவதைப் பின்னர் கண்டார். உடம்பு தானே சுரக்கும் ஏதோவொரு பொருள் நோயை அடக்குகின்றது என்று அவர் கருதினார். அதே நிலையத்தில் எட்வேட் கெண்டல் என்னும் இரசாயன அறிஞர், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல அமைந்துள்ள சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று 1948 செப்டெம்பரில், முடக்குவாதத்தால் நடமாட்டம் இழந்திருந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்கு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. சில நாள்களிலேயே அவள் எழுந்து நடந்தாள். உலகம் வியந்தது. 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஹெஞ்ச், கெண்டல் ஆகியோருக்கும், சுவிற்சர்லாந்தில் அதே துறையில் உழைத்த ராய்க்ஸ்ரைன் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வியப்பின் பின்னே கவலையும் வந்தது. உடல் முழுவதும் பரவும்படி நெடுநாள் கொடுத்தபோது முகம் ஊதிற்று, எலும்பு மெலிந்தது, இரத்தத்தில் சீனி ஏறிற்று. நோயுள்ள மூட்டிலே மட்டும் சிறிதளவு மருந்தை ஏற்றினால் என்ன என்ற எண்ணம் அப்பொழுது எழுந்தது. பிலடெல்பியா நகரில் ஜோசப் ஹொலாண்டர் என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும் இதனைச் செய்து பார்த்து 1951இல் வெளியிட்டனர். கோர்ட்டிசோனைக் காட்டிலும் அதன் உறவான ஹைட்ரோகோர்ட்டிசோன் மூட்டினுள் நற்பயன் தந்தது. முடக்குவாதத்துக்கு மாத்திரமின்றித் தேய்வு வாதத்துக்கும் அவ்வூசி அன்றுமுதல் வழக்கில் வந்தது. இன்று அதே இனத்தைச் சேர்ந்த, மெல்லக் கரையும் மருந்துகள் பயன்படுகின்றன. வைத்தியர் சிரட்டையின் ஓரத்தைத் தடவி இடம் பார்த்து, மூட்டில் மிகையாகத் தேங்கிய நீர் இருப்பின் அதனை இழுத்தெடுத்த பின் மருந்தைச் செலுத்துவார். விலை குறைந்தது, வேலை விரைந்தது.

சேவலின் கொண்டையிலிருந்து

இரண்டாவது ஊசியின் கதை முழங்காலில் தொடங்கவில்லை, கண்ணிலே தொடங்குகின்றது. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ள் மேயர், ஜோன் பாமர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணினுள்ளே நிறைந்திருக்கும் பளிங்குபோன்ற பொருளிலிருந்து ஒரு புதிய பொருளை 1934இல் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்கு ஹயலூரோனிக் அமிலம் என்று பெயரிட்டனர். மூட்டு நீருக்கு அதன் வழுவழுப்பையும் தடிப்பையும் தருவது இதே பொருள் என்பது பின்னர் விளங்கிற்று. தேய்வு வாதமுற்ற மூட்டில் அதன் செறிவு குறைந்து, நீர் நீர்த்துப்போகின்றது.

ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எந்திரே பலாஸ் என்னும் அறிஞர், சேவலின் கொண்டையிலிருந்து இப்பொருளைத் தூய்மையாக எடுக்கும் முறையை வகுத்தார். கண் சத்திரசிகிச்சையில் அது பெரும்பயன் தந்தது. பந்தயக் குதிரைகளின் நோயுற்ற மூட்டுக்களில் அதனை ஏற்றிய அனுபவம் 1970இல் வெளியாயிற்று. மனிதரின் முழங்காலுக்கென அமெரிக்க அரசு அதனை 1997இல் அங்கீகரித்தது. அந்நாட்டுச் சட்டம் அதனை மருந்தென்று கொள்ளாமல், மருத்துவக் கருவி என்ற வகையிற் சேர்த்தமை ஒரு புதுமை. வண்டிக்குக் கொழுப்பு இடுவதுபோல மூட்டுக்கு வழுவழுப்பு ஊட்டும் செயலாகவே அது கருதப்பட்டது.

கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆனால் ஏற்றிய பொருள் மூட்டினுள் நெடுங்காலம் தங்குவதில்லை. இயற்கையான வடிவத்தில் ஏற்றியது சில நாள்களுக்குள்ளேயே வெளியேறிவிடுகின்றது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று அல்லது ஐந்து ஊசி ஏற்றும் வகைகளும், ஒரே ஊசியில் முடிக்கும் வகைகளும் உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்படுபவையும் இக்காலத்திற் கிடைக்கின்றன. சேவற் கொண்டையிலிருந்து எடுத்ததாயின், கோழி முட்டை முதலியன ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் அதனைக் கூறுதல் வேண்டும்.

தன் இரத்தமே தனக்கு மருந்து

மூன்றாவது ஊசி இந்நூற்றாண்டிலே புகழ்பெற்றது. நோயாளியின் கையிலிருந்து சிறிதளவு இரத்தத்தை எடுத்து, விசையுடன் சுழலும் பொறியில் இட்டுச் சுழற்றுவர். கனமான செந்நிறப் பகுதி அடியிற் படிய, இரத்தச் சிறுதட்டுக்கள் செறிந்த மஞ்சள்நிற நீர் வேறாகப் பிரியும். காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்வன இச்சிறுதட்டுக்களே. புண் ஆறுவதற்கு உதவும் வளர்ச்சிப் பொருள்களையும் அவை வெளிவிடுகின்றன. ஆகவே அந்நீரை மூட்டினுள் ஏற்றினால் மூட்டும் ஆறும் என்பது எதிர்பார்ப்பு. அந்நியப் பொருள் எதுவுமில்லை, தன் உடம்பே தனக்கு மருந்து என்ற எண்ணம் மனத்தைக் கவர்வது இயல்பு. ஆயினும் ஒரு நிலையத்தில் ஆக்கும் நீரும் மற்றொரு நிலையத்தில் ஆக்கும் நீரும் ஒன்றல்ல. சிறுதட்டின் செறிவும் வெண்கலங்களின் அளவும் வேறுபடுகின்றன. ஏற்றும் தடவைகளும் வேறுபடுகின்றன. பெயர் ஒன்று, பொருள் பல.

இதனையொட்டியே, 'ஸ்டெம் செல்' எனப்படும் மூலக்கலங்களை எலும்பு மச்சையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்து ஏற்றும் முறையும் பரவிற்று. அழிந்த குருத்தெலும்பு மீண்டும் முளைக்கும் என்ற பெருவாக்கும் அதனோடு பரவிற்று.

உப்புநீர் என்னும் நடுவர்

இம்மருந்துகளை எவ்வாறு ஒப்பிடுவது? ஊசி ஏற்றிக்கொண்டவரை நோக்கி, 'சுகமா?' என்று கேட்டால் போதாது. நோவு உச்சத்தில் நிற்கும்போதே மனிதர் ஊசியை நாடுகின்றனர். அலை ஏறிய பின் இறங்குவது இயற்கையாதலின், ஒன்றும் செய்யாதிருந்தாலும் அவர்களிற் பலருக்கு அடுத்த மாதம் நோவு குறைந்திருக்கும். அதற்குமேல், வைத்தியரின் கவனிப்பும், ஊசி உள்ளே சென்றது என்ற நம்பிக்கையும், பெரும்பொருள் செலவிட்டோம் என்ற நினைவும் நோவைத் தணிக்கும் ஆற்றல் உடையன. மாத்திரை வடிவில் கொடுக்கும் வெறுமருந்தைக் காட்டிலும், மூட்டினுள் ஊசியாக ஏற்றும் வெறுமருந்து மிகுந்த தணிவைத் தருகின்றது என்பதும் ஆராய்ச்சியிற் கண்டதாகும்.

ஆதலால் ஆராய்ச்சியாளர் உப்புநீரை நடுவராக வைக்கின்றனர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தையும் மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத உப்புநீரையும் ஏற்றுவர். யாருக்கு எது சென்றது என்பது நோயாளருக்குத் தெரியாது. அதன் பின்னர் இரு பிரிவினரின் நோவையும் அளந்து பார்ப்பர். உப்புநீரை வென்ற அளவே மருந்தின் உண்மையான வலிமை.

இந்த நடுவர் முன்னே மூன்று ஊசிகளும் எவ்வாறு நின்றன என்று பார்ப்போம்.

கோர்ட்டிசோன் இனத்து மருந்துகளைப் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்கிரேன் மதிப்புரை 2015இல் வெளியாயிற்று. 1,767 பேர் அவ்வாய்வுகளிற் பங்குபற்றியவர்கள். முதல் ஒன்றிரண்டு கிழமைகளில் நோவு ஓரளவு தணிந்தது. போகப்போக அவ்வேறுபாடு குறைந்து, ஆறு மாதத்தில் இல்லையாயிற்று. பல ஆய்வுகளின் தரம் தாழ்ந்தது என்றும் அது கூறிற்று. இன்னொரு செய்தி பொஸ்ரன் நகரின் ரவ்ற்ஸ் மருத்துவ நிலையத்திலிருந்து 2017இல் வந்தது. சவ்வில் அழற்சியுள்ள 140 பேருக்கு, பன்னிரண்டு கிழமைக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டுகள் ஊசி ஏற்றினர். பாதிப் பேருக்கு 40 மில்லிகிராம் மருந்து, மற்றையோருக்கு உப்புநீர். முடிவில் நோவிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. குருத்தெலும்பின் தடிப்போ மருந்து ஏற்றியவர்களிடம் 0.21 மில்லிமீற்றரும், உப்புநீர் ஏற்றியவர்களிடம் 0.10 மில்லிமீற்றரும் குறைந்திருந்தது. தொடர்ந்து ஏற்றுவதால் பயன் கூடவில்லை. மூட்டின் போர்வை சிறிது கூடுதலாக மெலிந்தது.

ஹயலூரோனிக் அமிலத்தைப் பற்றிய தீர்ப்பு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 2022இல் வெளிவந்தது. 169 ஆய்வுகளும் 21,163 நோயாளரும் அத்தொகுப்பில் அடங்குவர். வெறுமருந்தோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இருபத்து நான்கை மட்டும் எடுத்து நோக்கியபோது, நூறு மில்லிமீற்றர் நீளமுள்ள நோவுக்கோலில் வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றரே. அவ்வளவு சிறிய வேறுபாட்டை நோயாளர் தம் நடையிலோ நித்திரையிலோ உணர்தல் அரிது. கடுமையான பக்கவிளைவுகளோ ஊசி ஏற்றியவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன.

சிறுதட்டு ஊசியை அவுஸ்திரேலியாவில் கிம் பென்னெல் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் சோதித்து 2021இல் வெளியிட்டனர். 288 பேர், கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி. மறைவு கெடாதிருக்க எல்லோரிடமும் இரத்தம் எடுத்தனர். ஓராண்டின் பின், பத்துப் புள்ளி அளவையில் சிறுதட்டு ஏற்றியவர்களின் நோவு 2.1 புள்ளியும், உப்புநீர் ஏற்றியவர்களின் நோவு 1.8 புள்ளியும் குறைந்திருந்தன. குருத்தெலும்பின் குறைவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுகள் சில இவ்வூசிக்குச் சார்பாகப் பேசியதுண்டு. மறைவைக் காத்துக் கவனமாக நடத்திய இவ்வாய்விலே அச்சார்பு நிலைக்கவில்லை.

மூலக்கலங்கள் நிலையும் இதுவே. அற்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தவர் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில் 475 பேர் இடம்பெற்றனர். மச்சையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் தொப்புட்கொடியிலிருந்தும் எடுத்த கலங்களை ஏற்றியவர்களும், பழைய கோர்ட்டிசோன் இனத்து ஊசியை ஏற்றியவர்களும் ஓராண்டின் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றனர். பெரும்விலை கொடுத்த ஊசி சிறுவிலை ஊசியை வெல்லவில்லை.

நோவு தீர்ந்தாற் போதாதா?

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து, 'உப்புநீராயினும் ஆகுக, நோவு தணிந்ததல்லவா? தணிந்த நோவு பொய்யா?' என்று வினவலாம். வினா நியாயமானது. அவுஸ்திரேலிய ஆய்விலே உப்புநீர் பெற்றவர்களின் நோவும் உண்மையாகவே குறைந்தது. அவர்கள் நடித்தவர்கள் அல்லர். நோவு என்பது மூட்டிலே பிறந்து மூளையிலே அறியப்படுவது. அன்பான வார்த்தையும் நம்பிக்கையும் அதனைத் தணிக்கும் என்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. 'உமக்கு மனப்பிரமை' என்று நோயாளரை இகழ்வோர் இவ்வாராய்ச்சியைத் தவறாகப் படித்தவர்களே.

ஆயினும் அந்நியாயத்துக்கு மறுமொழி உண்டு. மூட்டினுள் ஊசி செல்லும்போது நுண்ணுயிரும் உடன்செல்ல இடமுண்டு. அது மிக அரிதாயினும், நேர்ந்தால் மூட்டையே கெடுக்கவல்லது. கோர்ட்டிசோன் இன ஊசியால் நீரிழிவுடையோரின் இரத்தத்திற் சீனி சில நாள்களுக்கு ஏறுகின்றது. முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு முந்திய மூன்று மாதத்துள் ஊசி ஏற்றினால், பின்னர் கிருமித்தொற்று உண்டாகும் அபாயம் கூடுகின்றது. இவை உடம்புக்கு வருவன. குடும்பத்துக்கு வருவது வேறு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர், குருத்தெலும்பு மீண்டும் முளைக்கும் என்ற வார்த்தையை நம்பி, பேத்தியின் படிப்புக்கென வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுப்பாராயின், அவரது நோவு இரண்டு புள்ளி குறைந்தது என்பது அச்செயலுக்கு நியாயமாகாது. நம்பிக்கையை இலவசமாகக் கொடுக்கலாம், விற்கலாகாது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு காலத்தின் இழப்பு. ஓர் ஊசி முடிய மற்றோர் ஊசியை எதிர்பார்த்துக் கதிரையில் இருப்பவரின் தொடைத் தசை மாதந்தோறும் மெலிகின்றது. மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. தாங்காத மூட்டு மேலும் நோகும். பயன் தரும் வழி வேறொன்று இருக்க, அதில் நடக்கவேண்டிய நாள்கள் இவ்வாறு வீணாகின்றன.

ஊசிக்குரிய இடம்

அவ்வழி யாது? அமெரிக்கப் படையினரின் மருத்துவ நிலையங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வொன்று 156 பேரை இரு பிரிவாக்கிற்று. ஒரு பிரிவினருக்குக் கோர்ட்டிசோன் இனத்து ஊசி. மற்றப் பிரிவினருக்கு உடற்பயிற்சி நிபுணரின் கைப்பட்ட சிகிச்சையும் பயிற்சியும். நோவையும் இயலாமையையும் 0 முதல் 240 வரை அளக்கும் அளவையில் இரு பிரிவினரும் தொடக்கத்தில் 107, 108 என்ற அளவில் நின்றனர். ஓராண்டின் பின் ஊசிப் பிரிவினர் 55.8க்கும், பயிற்சிப் பிரிவினர் 37.0க்கும் இறங்கினர். இங்கே உப்புநீர் நடுவர் இல்லை என்பதை நேர்மையுடன் சொல்லவேண்டும். பயிற்சி என்ற பெயரில் வெறும் பாவனை செய்வித்தல் எளிதன்று. நிபுணரின் கவனிப்பும் பயனிற் பங்குகொண்டிருக்கலாம். எனினும் வலிவுற்ற தசை ஊசியைப்போலக் கரைந்து போவதில்லை.

உடற்பருமன் உடையோருக்கு இன்னொரு கணக்கு உண்டு. வட கரோலினா மாநிலத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வின்படி, உடல் நிறையில் ஒரு றாத்தல் குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரத்தில் நான்கு றாத்தல் குறைகின்றது. பத்து றாத்தல் குறைத்தவர், ஓரடிக்கு நாற்பது றாத்தலைத் தம் முழங்காலிலிருந்து இறக்கி வைத்தவராவார். நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும்.

அங்ஙனமாயின் ஊசியை அறவே தள்ளிவிடலாமா எனின், அதுவும் தகாது. அமெரிக்க மூட்டுநோய் வைத்தியர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, முழங்காலுக்குக் கோர்ட்டிசோன் இன ஊசியை உறுதியாகவே ஆதரிக்கின்றது. ஹயலூரோனிக் அமிலத்தை ஒரு வரையறையுடன் மறுக்கின்றது. சிறுதட்டையும் மூலக்கலத்தையும் வன்மையாக மறுக்கின்றது. இங்கிலாந்தில் சிகிச்சைத் தரங்களை வகுக்கும் நைஸ் என்னும் நிறுவனம் 2022இல், ஹயலூரோனிக் அமிலத்தைக் கொடுக்கவேண்டாம் என்றது. கோர்ட்டிசோன் இன ஊசியைப் பிற மருந்துகள் பயன்படாதபோதோ, பயிற்சிக்குத் துணையாகவோ கொடுக்கலாம் என்றும், இரண்டு முதல் பத்துக் கிழமை வரையுள்ள குறுகிய தணிவே கிட்டும் என்பதை நோயாளருக்கு விளக்கவேண்டும் என்றும் கூறிற்று.

ஊசிகளைத் தமக்குள்ளே ஒப்பிட்டவர்களும் உளர். கோர்ட்டிசோன் இனத்தையும் ஹயலூரோனிக் அமிலத்தையும் நேருக்குநேர் நிறுத்திய ஏழு ஆய்வுகளை 2009இல் தொகுத்தபோது, முதல் நான்கு கிழமைவரை முன்னது மேம்பட்டது. நாலாங் கிழமையில் இரண்டும் சமமாயின. எட்டுக் கிழமைக்குப் பின் பின்னது மேம்பட்டது. ஆனால் உப்புநீரை இரண்டு மில்லிமீற்றரே வென்ற ஒன்று, தணிந்து மறைந்த மற்றொன்றை நெடுநாளின் பின் முந்திற்று என்பதால் ஆவதென்ன? விரைந்து தணிப்பது எது என்ற வினாவுக்குக் கோர்ட்டிசோன் இனமே விடை. நிலைத்து மாற்றுவது எது என்ற வினாவுக்கு இம்மூன்று ஊசிகளுள் விடை இல்லை.

ஆகவே ஊசியின் இடம் சிறியது, ஆனால் உண்மையானது. மூட்டு வீங்கிக் கால் ஊன்ற முடியாதவர், பயிற்சி செய்யுமாறு சொன்னால் எவ்வாறு செய்வார்? அவருக்கு ஓர் ஊசி சில கிழமை நிழல் தருகின்றது. அந்நிழலிலே அவர் எழுந்து தசையை வலிவாக்கத் தொடங்குவாராயின் ஊசி தன் கடமையைச் செய்ததாகும். அந்நிழலிலேயே உறங்கிவிடுவாராயின், நிழல் நகர்ந்ததும் முன்னைய வெயிலே மிஞ்சும்.

ஊசிக்கு இணங்குமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டியவை சிலவே. இது எந்த வகை மருந்து? எத்தனை கிழமைக்குத் தணிவு தரும்? உப்புநீரோடு ஒப்பிட்டபோது இதன் பயன் என்ன? தணிவு கிட்டும் அக்காலத்தில் நான் செய்யவேண்டியது என்ன? எனக்குள்ள நீரிழிவுக்கும் உண்ணும் மருந்துகளுக்கும் இது பொருந்துமா? நல்ல வைத்தியர் இவ்வினாக்களைக் கேட்டுச் சினவார், மகிழ்வார். விடை சொல்லத் தயங்கி விலையை மட்டும் விரைந்து சொல்லும் இடமாயின், அங்கிருந்து நொண்டியாவது வெளியேறி வருதல் நன்று.

முதுமையைத் தடுக்கும் ஊசி இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் நாளுக்குச் சிறிது நேரம் கதிரையின் நுனியிலிருந்து காலை நீட்டி மடக்குவதற்கும், கைபிடித்து எழுந்து இருப்பதற்கும், வேலியோரமாய்ச் சிறிது தூரம் நடந்து வருவதற்கும் விலை இல்லை. பலகாலம் நம்மைச் சுமந்த முழங்காலுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறும் அதுவேயாம்.